கார்த்திகைக் காற்றுக்கு ஒரு படகு

ஆடியில் காற்று இருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்காது. கார்த்திகையில் தண்ணீர் கரை தட்டி நிற்கும், காற்று இருக்காது. மதுரைப் பக்கம் பாய்மரப் படகு வாங்க நினைக்கிறவன் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இந்த ஒரு விஷயத்தோடுதான். என்ன ரகம், எத்தனை அடி, என்ன விலை எல்லாம் அப்புறம். நான் தலைகீழாகச் செய்தேன். ஒன்றரை வருஷம் படகுகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். கண்மாயைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மதுரைக்காரனுக்குப் படகு என்றால் தெப்பம்தான். தை மாதம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் ஏறிச் சுற்றி வருவார்களே, அது. அதற்குப் பாய் கிடையாது. கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். எனக்கும் வேலைக்காகச் சென்னை போகிற வரை அவ்வளவுதான் தெரியும். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் துறைமுகத்துக்குள் கூட்டிப்போய் ஒரு சின்னப் படகில் உட்கார வைத்து, கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தார். "இழுத்தா போகும், விட்டா நிக்கும். பயந்தா விட்டுரு" என்றார். சென்னையில் இதற்கென்று 1911-லேயே ஒரு யாட் கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஆறு வருஷம் கிடைத்த ஞாயிறெல்லாம் அங்கேதான்.

அப்பாவுக்கு முடியாமல் போய் ஊரோடு வந்தபோது வேலை கூடவே வந்தது, கடல் வரவில்லை. மேலூர்ப் பக்கம் அம்மா பிறந்த ஊரில் ஒரு கண்மாய் இருக்கிறது. நிறைந்தால் நீளவாக்கில் அறுநூறு மீட்டர், அகலம் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. கரையில் அய்யனார், அவருக்கு எதிரே மடை, தெற்குக் கடைசியில் கலுங்கு. அந்தக் கண்மாய்க்குத்தான் நான் "வேகமான, ஒற்றை ஆள் ஓட்டும்" படகு தேடினேன். ஒற்றை ஆள் ஏன் என்றால், வீட்டில் கேட்டுப் பார்த்ததில் "நான் கரையில உக்காந்து பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று பதில் வந்தது. வேகம் ஏன் என்றால், நாற்பத்தைந்து வயது. வேறு காரணம் வேண்டுமா?

வேகம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது கன்டென்டர். கிட்டத்தட்ட 4.9 மீட்டர் நீளம், டிராபீஸ் கம்பியில் உடம்பை முழுக்க வெளியே தொங்கவிட்டு ஓட்டுகிற ஒற்றை ஆள் படகு. 1967-ல் இதை வரைந்த பாப் மில்லர்தான் பிறகு பென் லெக்ஸன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1983-ல் அமெரிக்கர்களிடமிருந்து அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயக் கோப்பையைப் பறித்த ஆஸ்திரேலியா 2 படகை வடிவமைத்தார். கேட்கவே ஆசையாக இருக்கும். அதற்கும் மேலே மஸ்டோ ஸ்கிஃப். டிராபீஸோடு கூட முன்னால் பலூன் மாதிரி இன்னொரு பாயும் உண்டு. எல்லாம் ஒரே ஆள் கையில்.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பல ரகப் படகுகளை ஒரே பந்தயத்தில் ஓடவிட்டு, ரகத்துக்கு ஒரு எண் கொடுத்து, நேரத்தைச் சரிக்கட்டுவார்கள். எண் குறையக் குறையப் படகு வேகம். லேசர் என்ற சாதாரண ஒற்றை ஆள் படகுக்குச் சுமார் 1100, கன்டென்டருக்கு 970 பக்கம், மஸ்டோ ஸ்கிஃபுக்கு 850 பக்கம். அதாவது லேசர் 1100 நொடியில் முடிக்கிற சுற்றை ஸ்கிஃப் 850 நொடியில் முடித்துவிடும். இந்த எண்களைத்தான் நான் மாசக்கணக்கில் ராசிபலன் மாதிரி படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போது புத்தி வந்தது. அந்தக் குளம் ஒரு பக்கம் ஏறக்குறைய முந்நூறு மீட்டர். ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டரில், ஒரு படகு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டு நிமிஷத்தில் போய்விடும். பதினைந்து நாட்டில் போனால் நாற்பது நொடி. சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் அக்கரை. எங்கள் கண்மாய் இதைப்போல் இரண்டு மடங்கு நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். கொக்கியை மாட்டி, காலை விளிம்பில் ஊன்றி, டிராபீஸில் தொங்கி நிமிர்வதற்குள் சீமைக்கருவேல முள் முதுகில் குத்தும். உடனே உள்ளே வந்து, படகைத் திருப்பி, மறுபடியும் தொங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வேகமாகப் போன நேரம் பத்து நிமிஷம், திரும்பிய நேரம் ஐம்பது நிமிஷம் என்றால் அந்த 850-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சின்ன நீர்ப்பரப்பில் வேகம் என்றால் வேறு அர்த்தம். நின்ற படகு எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதுதான் அங்கே வேகம். டவுன் பஸ்ஸில் போகிறவனுக்கு நூற்றிருபது கிலோமீட்டரில் பறக்கிற வண்டியால் பிரயோசனம் இல்லை; ஸ்டாப்பிலிருந்து சட்டென்று எடுக்கிற வண்டிதான் வேண்டும்.

இதிலும் காற்றுக்குத்தான் கடைசி வார்த்தை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகுக்கு அதன் நீளமே ஒரு கடிவாளம். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் எத்தனை நாட் என்று வந்துவிடும். பதின்மூன்று அடிப் படகுக்கு 4.8. பதினைந்து அடிக்கு 5.2. அதைத் தாண்ட வேண்டுமென்றால் படகு தன் மூக்கைத் தூக்கி, தண்ணீரின் மேலேறிச் சறுக்க வேண்டும். அதற்கு நல்ல காற்று வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கு மேலே. கார்த்திகை மாதத்து மேலூரில் மதியத்துக்கு மேல் எனக்குக் கிடைப்பது நான்கிலிருந்து ஏழு. அந்தக் காற்றில் சறுக்கல் வராது. எல்லாப் படகும் மூன்று, நான்கு நாட்டில் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். எடை குறைவு, பாய் பெரிசு, தண்ணீரில் படுகிற வயிறு சின்னது என்று இருக்கிற படகு ஒரு படகு நீளம் முன்னால் போகும்.

ஆடியில் காற்றா? அதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்களே, கொஞ்ச நேரத்திலேயே காற்று அத்தனையையும் கரையில் ஒதுக்கிவிட்டது. நாடே சிரித்தது. நான் மட்டும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, காற்று எந்தத் திசை, எத்தனை நாட் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். சித்திரையிலேயே அப்படி என்றால், மேற்கே கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்குகிற ஆடியில் கேட்க வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? பெரியாறு புண்ணியத்தில் அணையில் அந்த மாதங்களில் தண்ணீரும் இருக்கும். ஆனால் அணை நீர் ஊருக்கெல்லாம் குடிநீர். ஆசைப்பட்டவன் எல்லாம் படகை இறக்கவா அது? நினைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

கொடைக்கானல் ஏரியையும் விட்டு வைக்கவில்லை. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைக்கு அணை போட்டு உண்டாக்கிய ஏரி, அறுபது ஏக்கர். ஒரு நல்ல ஊர்க் கண்மாயின் அளவுதான். ஏழாயிரம் அடிக்கு மேலே இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. எட்டு நாட் காற்றடித்தாலும் பாய்க்கு அது ஏழு நாட் மாதிரிதான் தெரியும். போதாக்குறைக்கு ஏரி நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு மலைக்கு நடுவே கிடக்கிறது. ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காற்று. பார்க்க அழகு, ஓட்ட இம்சை.

சரி, கண்மாய்க்கு வருவோம். எடை என்று பார்த்தால் ஆர்எஸ் ஏரோ என்ற படகுக்கு ஈடில்லை. 2014 வாக்கில் வந்த இங்கிலாந்துப் படகு. நான்கு மீட்டர், வெறும் படகு 30 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிடக் கொஞ்சம்தான் கூட. லேசர் 4.2 மீட்டர், 59 கிலோ. ஏரோ 7 என்கிற அளவில் பாய் 7.4 சதுர மீட்டர், லேசரின் பெரிய பாய் 7.06. என் 72 கிலோவைச் சேர்த்து, பாய்மரத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், நூறு கிலோ எடைக்கு லேசரில் 5.4 சதுர மீட்டர் பாய், ஏரோவில் 7.3. கார்த்திகைக் காற்றில் இது சின்ன வித்தியாசம் இல்லை. கண்மாய்க்கென்றே செய்த படகு என்றுகூடச் சொல்வேன். இன்னொன்றும் உண்டு: கண்மாய்க் கரை ஏறி இறங்க ரேம்ப் எல்லாம் கிடையாது. ஒரு ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தான மண் கரை. அதில் படகைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவனுக்கு முப்பது கிலோவுக்கும் அறுபது கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் முதுகெலும்பில் தெரியும்.

ஆனால் கப்பல் கூலி, சுங்கம், வரி என்று கூட்டிக்கொண்டே போனபோது, வீட்டம்மா கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார். தவிர, ஒரு பூட்டு உடைந்தால் அந்தப் பூட்டு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விதான் ஏரோவை அடித்தது.

கனமான படகுகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபின் என்று ஒரு படகு. 1952-லிருந்து டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் இருந்தது. நூறு கிலோவுக்கு மேல். கிளம்ப நேரம் எடுக்கும், கிளம்பிவிட்டால் எளிதில் நிற்காது. சின்ன ஏரியில் மரத்தின் நிழலில் காற்று அறுந்து போகிற இடங்கள் நிறைய. மர உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்று கலங்கித்தான் கிடக்கும். அந்த இடங்களை ஃபின் தன் கனத்தாலேயே சறுக்கிக் கடந்துவிடும். லேசான படகு அங்கே போய் ‘ஙே’ என்று நின்றுவிடும். திரும்பும்போதும் அப்படியே. ஆனால் ஃபின்னைக் கரையில் ஏற்றி இறக்க ஊரையே கூப்பிட வேண்டும். ஓட்டுகிறவரும் தொண்ணூறு கிலோவாவது இருக்க வேண்டும். நமக்கு ஆகாது.

ஓகே டிங்கி என்ற ஒன்றில் கொஞ்ச நாள் மனசு போனது. டென்மார்க்கின் குனுட் ஓல்சன் ஐம்பதுகளின் பிற்பாதியில் வரைந்தது. நான்கு மீட்டர், 72 கிலோ, பிளைவுட்டில் வீட்டிலேயே செய்யலாம் என்பதற்காகவே வரைந்த படகு. அதில் எனக்குப் பிடித்தது அடியில் இருக்கும் பலகை. ஓகேயில் அது கீல் வைத்து மடங்குகிற சென்டர்போர்டு. லேசரிலும் ஏரோவிலும் மேலிருந்து கத்தி மாதிரி சொருகுகிற டேகர்போர்டு. ஆழமான தண்ணீரில் இரண்டும் ஒன்றுதான். இடுப்பளவு கண்மாயில் பழைய கருவேல மூட்டில் இடித்தால், சென்டர்போர்டு மேலே மடங்கி வழிவிடும்; டேகர்போர்டு படகை நிறுத்தி ஓட்டுகிறவனை முன்னால் வீசும். ஓகேதான் சரி என்று முடிவு செய்து, வரைபடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஆசாரியிடம் போனேன். வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கைவேலை. வரைபடத்தை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல நேர்கோடே இல்லையே?"

"படகுல எப்படிண்ணே இருக்கும்?"

"அப்ப நம்ம ரசமட்டத்துக்கு இதுல வேலை இல்ல. நமக்கும் இல்ல."

அத்தோடு ஓகேவும் முடிந்தது.

மிச்சம் இருந்தது லேசர். முதலிலேயே இதில் வந்து நின்றிருக்கலாம். 1969-ல் கனடாவின் புரூஸ் கர்பி போனில் பேசிக்கொண்டே ஒரு தாளில் கிறுக்கிய கோட்டிலிருந்து பிறந்த படகு, 1971-ல் விற்பனைக்கு வந்தது, இரண்டு லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். சென்னை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனது இதன் சின்னப் பாய் ரகமான ரேடியலில். வேலூர் விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 2023-ல் வெண்கலம் வாங்கியது பெரிய பாய் லேசரில். இப்போது பெயர் மாறி ஐஎல்சிஏ என்கிறார்கள். யாரும் வாயில் நுழையவிடுவதில்லை, இன்னும் லேசர்தான். ஹைதராபாத்தில் ஊருக்கு நடுவே ஹுசேன் சாகரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் லேசர்களாகவே பந்தயம் நடக்கிறது. ஆகவே நம் நாட்டில் பழைய படகு கிடைக்கும், பழைய பாய் கிடைக்கும், உடைந்த பூட்டுக்கு மாற்றுப் பூட்டு கிடைக்கும். 59 கிலோவை இரண்டு பேர் தூக்கலாம். முக்கியமாக, ஒரே படகுக்கு மூன்று பாய்: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். பாய்மரத்தின் கீழ்த்துண்டை மாற்றினால் போதும். சென்னைக் கடலில் என் எடைக்கு ரேடியல் பாய்தான் சரி. கண்மாயில் யோசிக்காமல் பெரிய பாயை மாட்டலாம். ஓவராகக் காற்றடிக்கிற நாள் என்று ஒன்று வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

ஊரில் சொன்னபோதுதான் வேடிக்கை. "லேசர் வாங்கப் போறேன்" என்றதும் பெரியம்மா பதறிப்போய், "ஏய்யா, எந்தக் கண்ணுல?" என்றார். மதுரையில் லேசர் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்?

பழைய லேசர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். போகும்போது ஒரு செம்பு கொண்டு போங்கள். மேல்தளத்தில் பாய்மரம் சொருகுகிற குழி இருக்கும். அதில் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் பார்த்த முதல் படகில் பெயின்ட் புதுசு, ஸ்டிக்கர் புதுசு, விற்றவர் பேச்சும் இனிப்பு. டீ குடித்து வந்து பார்த்தால் குழியில் தண்ணீர் பாதி இல்லை. பின்பக்கம் தக்கையைத் திருகி எடுத்து, மூக்கைத் தூக்கச் சொன்னேன். கடுங்காப்பி நிறத்தில் கொடகொடவென்று கொட்டியது. குழி விரிசல் விட்டு, படகின் வயிற்றுக்குள் வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படகு ஒரு நாள் நல்ல காற்றில் பாய்மரத்தை வேரோடு பிடுங்கிப் போட்டுவிடும். "சார், அது மழைத் தண்ணி" என்றார். மழைத் தண்ணி உள்ளே போன வழி எது என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது படகு நிறம் மங்கி, பக்கமெல்லாம் கீறல். செம்புத் தண்ணீர் மட்டும் ஊற்றினபடி நின்றது. ஒரு நல்ல பைக் விலைக்கு முடிந்தது.

மதுரையிலிருந்து கண்மாய்க்குக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனோம். படகில் பாதி வண்டிக்கு வெளியே. முனையில் சிவப்புத் துணி கட்டி, மேலூர் ரோட்டில் முப்பதைத் தாண்டாமல். ஒத்தக்கடையில் ஒருவர் பைக்கை ஒட்டி வந்து, "அண்ணே, தேர்தல் சின்னமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கண்மாய் என்பது ஊர் சொத்து. பெரிய பாசனப் பரப்புள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறைக் கணக்கில் வரும், சின்னது என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆனால் நடைமுறையில் அந்த வருஷம் மீன் குத்தகை எடுத்தவர் மனசு வைக்காமல் அதில் ஒரு துரும்பும் மிதக்காது. என் மாமாதான் கூட்டிப்போய்ப் பேசினார். குத்தகைக்காரர் படகைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மோட்டார் எங்கண்ணே?"

"மோட்டார் இல்ல. காத்துலதான் போகும்."

"காத்து நின்னுட்டா?"

"நிக்க வேண்டியதுதான்."

கொஞ்சம் யோசித்தார். "நம்ம வல கட்டியிருக்கிற பக்கம் வராதீங்க. குட்டை மூங்கி நட்டுருக்கு பாருங்க, அதுக்கு இந்தாண்ட. அப்புறம் மடைக்கிட்ட போகாதீங்க, தண்ணி இழுக்கும். மறுகால் பாயுற அன்னிக்கு எறங்கவே எறங்காதீங்க." எந்தப் பயிற்சிப் பள்ளியும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகப் பாதுகாப்பு விதி சொல்லித் தந்ததில்லை. நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: பாய்மரம் ஆறு மீட்டர் அலுமினியம். கரையோரம் பம்புசெட்டுக்குப் போகிற மின்கம்பி இருக்கிற பக்கம் பாய்மரத்தை நிமிர்த்தவே கூடாது. லேசரில் பாயைக் கொடி மாதிரி ஏற்றி இறக்க முடியாது. சட்டைக்குள் கையை விடுகிற மாதிரி பாய்க்குள் மரத்தைச் செருகி, பாய் படபடக்க அப்படியே தூக்கி நடுவதுதான். தூக்குகிறபோது கண் மேலே இருக்க வேண்டும்.

முதல் நாள் கவிழ்ந்தேன். காற்று ஐந்து நாட்கூட இருந்திருக்காது. அசட்டையாகத் திருப்பினேன், பாயின் அடியில் கிடையாக இருக்கிற பூம் கட்டை தலையில் தட்டியது, லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் கிடந்தேன். கடலில் கவிழ்ந்தால் பிரச்சினை இல்லை. டேகர்போர்டின் மேல் ஏறி நின்றால் படகு நிமிர்ந்துவிடும். இங்கே ஏறி நின்றேன், நிமிரவில்லை. குதித்தேன், நிமிரவில்லை. பாய்மரத்தின் நுனி கரம்பைக்குள் ஒரு முழம் புதைந்திருந்தது. வயலுக்கு எருவாக அள்ளிப்போவார்களே, அதே கரம்பை. பசை மாதிரி பிடித்துக்கொண்டது. வேகமாக இழுத்தால் அலுமினியம் வளையும். கடைசியில் தெர்மாகோல் மிதவையில் வலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் வந்து, முங்கி, மரத்தின் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி உருவிவிட்டார்கள். பாய் உச்சியில் மூன்றடிக்குக் கறுப்பு. இன்னும் போகவில்லை. அதன் பிறகு அந்தப் பையன்களில் சின்னவனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனேன். அவன் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டதை நான் சென்னையில் மூன்று மாசத்தில் கற்றேன்.

கார்த்திகைக் காற்றில் ஓட்டுவது கடலில் ஓட்டுவதற்கு நேர்மாறு. கடலில் படகு விளிம்புக்கு வெளியே உடம்பைத் தள்ளித் தொடை நடுங்க உட்கார்ந்திருப்போம். இங்கே பூனை மாதிரி இருக்க வேண்டும். பாய்மரத்தை ஒட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் படகின் பின்பக்கம் தண்ணீரை விட்டு எழும். பின்னால் களகளவென்று கேட்கிற சத்தம் நிற்கும். சத்தம் வந்தால் படகு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அப்புறம் படகைக் காற்று போகிற பக்கம் லேசாகச் சாய்த்துவிட வேண்டும். பாய் தன் எடையாலேயே வளைந்து தொங்கி, வடிவம் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது உடம்பால் படகை ஒரு ஆட்டு ஆட்டி எழுப்பினால், பாய் விசிறி மாதிரி ஒரு வீச்சு வீசி, படகு நிற்காமல் அடுத்த பக்கம் போகும். இந்த ஒரு வித்தையில்தான் சின்ன ஏரியின் வேகம் முழுக்க இருக்கிறது. அறுநூறு மீட்டரில் முப்பது தடவை திரும்பியவனுக்கு அது தானாக வந்துவிடும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பாய்மர உச்சியில் ஒரு திசைகாட்டி வாங்கி மாட்டினேன். கரம்பை தின்றது போக மிச்சம் இருக்கிறது. இப்போது கொக்குகளைப் பார்க்கிறேன். வயல் வரப்பிலும் மூங்கில் குச்சியிலும் நிற்கிற கொக்குகள் காற்றுக்கு மூஞ்சியைக் காட்டித்தான் நிற்கும், இறகு கலையக்கூடாதே. அக்கரையில் ஒரு வரிசைக் கொக்கு ஒரேயடியாகத் திரும்பினால், இன்னும் அரை நிமிஷத்தில் காற்று மாறி வரப்போகிறது. தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு நகர்ந்து வருவதும் தெரியும். அது வந்து பாயைத் தொடும்போது, அந்தப் பழைய கீறல் விழுந்த லேசர் தொடை தட்டிவிட்ட ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி பாயும் என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் ஒரு எருமை எழுந்து நடக்கிற மாதிரிதான் கிளம்பும். அந்த நேரத்தில் முப்பது கிலோ ஏரோவை நினைத்து ஒரு பெருமூச்சு வரும்.

டேகர்போர்டுக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். முழுசாக இறக்கினால் அது எண்பது செ.மீ. கீழே போகும். பொங்கல் தாண்டித் தண்ணீர் வற்ற வற்றத் தரையைக் கீறும். பாதி தூக்கி வைத்து ஓட்டலாம், ஆனால் தூக்கி நிற்கிற பாதி பூம் வழியை மறிக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் பயம். அதே ஆசாரியிடம் போய், பழைய போர்டு ஒன்றைக் காட்டி, தேக்கில் இதே குறுக்குவெட்டில், ஒரு முழம் குட்டையாக வேண்டும் என்றேன். இதில் அவருக்கு நேர்கோடு தெரிந்தது போல. நாலே நாளில் செய்து, முனையை மீன் துடுப்பு மாதிரி இழைத்து, மூன்று கோட் வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். பந்தயத்தில் இதைச் செல்லாது என்பார்கள். பந்தயத்துக்கு இன்னொரு படகு வேண்டுமே. குட்டைப் பலகையால் படகு கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கும், காற்றை எதிர்த்து ஏற இரண்டு திருப்பம் கூட ஆகும். பரவாயில்லை, திரும்புவதற்குத்தானே வந்திருக்கிறோம்.

போன மாசி மாதம் தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கிய பிறகும் மூன்று வாரம் கூடுதலாக ஓட்டினேன். நாலு மணிக்கு மேல் கிழக்கேயிருந்து ஒரு காற்று வரும், ஒரு மணி நேரம்தான், ஆனால் வருஷத்திலேயே நல்ல காற்று அது. கடைசி நாள் குட்டைப் பலகையும் தரை தட்டியது. இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டே கரைக்கு வந்தேன். இப்போது புளிய மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் கீழே மாமாவின் இரண்டு ஆட்டுக்குட்டிகள் குடியேறிவிட்டன. புரட்டாசியில் கால்வாயில் தண்ணீர் விட்டால் காலி பண்ணச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆசாரியிடம் பலகையை இன்னும் நாலு விரற்கடை குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

"கொறச்சுக்கிட்டே போனா கடைசில பலகையே இல்லாம போகும் சார்" என்றார். "அதுக்குப் பேசாம பரிசல் வாங்கிரலாம்ல?"